சுவர் ஒருவருடையது, மண் இன்னொருவருடையது

கால்பந்தா? நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டி ஊறுகாய்க் குறிப்புக்குப் போகப் பார்க்கும் சகோதரிகளே, ஒரு நிமிஷம் பொறுங்கள். நானும் உங்களைப் போலத்தான். பந்தை யார் உதைத்தால் என்ன, எந்த வலைக்குள் விழுந்தால் என்ன என்று இருந்தவள். 'ஆஃப் சைடு' என்றால் என்னவென்று என் தங்கை மகன் பத்து தரம் சொல்லிக் கொடுத்தும் இன்றுவரை என் மண்டையில் ஏறவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது பந்தின் கதை இல்லை, மண்ணின் கதை. ஓர் இடத்தில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கியவர்களுக்கு அந்த இடத்தின் மேல் என்ன பாத்தியதை என்கிற கதை. வீடு, மனை, பத்திரம் என்று பேச்சு வந்தால் நம் காது தானாக நீளுமே!

2025-ல் தங்கையின் இரண்டாவது பிரசவத்துக்காக லண்டன் போய் நாலு மாசம் இருந்தேன். அவள் குடியிருப்பது தென்கிழக்கு லண்டனில், தேம்ஸ் நதிக்குப் பக்கத்தில், சார்ல்டன் என்கிற பேட்டை. பத்திய சமையல், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டல் எல்லாம் முடிந்த பிறகு, மதியம் குழந்தையைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு ஒரு சுற்று வருவேன். ரயிலடியிலிருந்து கூப்பிடு தூரத்தில், வரிசை வீடுகளுக்கு நடுவே, மலைபோல ஒரு ஸ்டேடியம் நிற்கும். வீடுகளின் கொல்லைப்புறத்தை ஒட்டினாற்போல ஸ்டேடியம் இருப்பதை அங்கேதான் பார்த்தேன். அதற்குப் பெயர் 'தி வேலி'. நம் தஞ்சாவூர்ப் பக்கத்து ஏழு வேலி, எட்டு வேலி இல்லை; இங்கிலீஷில் பள்ளத்தாக்கு. பெயருக்கு ஏற்றபடி அது ஒரு பெரிய குழிக்குள்தான் இருக்கிறது.

"பெரியம்மா, இந்த ஸ்டேடியத்தை ஒரு தடவை நம்மகிட்டேருந்து பிடுங்கிட்டாங்க, தெரியுமா?" என்றான் தங்கை மகன். பதினோரு வயசுப் பையன். 'நம்மகிட்டேருந்து' என்று அவன் சொன்னதில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிச்சக் கதையைப் பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னாள். எழுபது வயசைத் தாண்டியவள். என்னை 'லவ்' என்றுதான் கூப்பிடுவாள். முதலில் கூச்சமாக இருந்தது. அங்கே பஸ் டிரைவரிலிருந்து காய்கறிக் கடைக்காரி வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று தங்கை சொன்ன பிறகு பழகிவிட்டது. அவள் பேச்சில் பாதி எனக்குப் புரியாது. குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே தங்கைதான் எனக்கு எடுத்துச் சொல்வாள்.

1905-ல் அந்தப் பேட்டையில் பதினாலு, பதினைந்து வயசுப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த சங்கம்தான் சார்ல்டன் அத்லெடிக் கிளப். 1919-ல் அந்தக் குழியைப் பிடித்தார்கள். சுண்ணாம்புக் கல் வெட்டியெடுத்துத் தீர்ந்துபோன பழைய குழி. கிளப்பில் காசு கிடையாது. ஊர்க்காரர்களே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்து மண்ணைத் தோண்டி, தோண்டிய மண்ணைச் சுற்றிலும் மேடாகப் போட்டு, அந்த மேட்டின் மேலேயே ஜனங்கள் நின்று ஆட்டம் பார்க்கும்படி செய்தார்கள். 1938 பிப்ரவரியில் ஒரு நாள் அந்த இடத்தில் 75,031 பேர் நின்று ஆட்டம் பார்த்தார்களாம். நம் தேர்த் திருவிழாக் கூட்டம்தான்! 1947-ல் எஃப்.ஏ. கோப்பையையும் ஜெயித்தார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் கிளப் என்பது பெரும்பாலும் ஒரு கம்பெனி. பங்கு யாரிடம் அதிகமோ அவர்தான் முதலாளி. டிக்கெட் வாங்கி, மழையில் நனைந்து, தொண்டை கிழியக் கத்தி, அப்பா பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, பிள்ளை பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து... இவர்களுக்கெல்லாம் காகிதத்தில் ஒன்றும் கிடையாது. கிளப்போ பெரும்பாலும் நஷ்டத்தில் ஓடும். ஆனால் அது நிற்கும் மண்? பேட்டை வளர்ந்து, ரயில் வந்து, கடைகண்ணி வந்து, நடு ஊராகிவிட்ட மண். ஒரு பக்கம் வருஷா வருஷம் கையைக் கடிக்கும் ஆட்டம். இன்னொரு பக்கம் தூங்கும்போதும் விலை ஏறுகிற நிலம். முதலாளியின் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம்.

சார்ல்டன் கிளப்பையும் மைதானத்தையும் 1930-களிலிருந்து வைத்திருந்தது கிளிக்ஸ்டன் என்கிற மரவியாபாரக் குடும்பம். 1982-ல் அந்தக் குடும்பத்து மைக்கேல் கிளிக்ஸ்டன் கிளப்பை விற்றார். கிளப்பைத்தான் விற்றார், மைதானத்தைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டார்!

இந்த இடத்தில் நான், "அட, அடிமனை!" என்று கத்திவிட்டேன். தங்கைக்கும் அதே நினைப்புத்தான், அவளும் சிரித்தாள். எங்கள் பிறந்த வீடு கோயில் அடிமனையில் இருந்தது. சுவரும் கூரையும் எங்களுடையது, மண் கோயிலுடையது. வருஷா வருஷம் அடிமனை வாடகை கட்டி, ரசீதை அப்பா டிரங்குப் பெட்டியில் பூட்டி வைப்பார். அந்த வீட்டைக் காட்டி யாரும் கடன் கொடுக்க மாட்டார்கள். இன்னொரு அறை எடுக்கலாம் என்று அம்மா எத்தனையோ வருஷம் கேட்டும் அப்பா பிடிகொடுக்கவே இல்லை. "நாம கட்டற ஒவ்வொரு செங்கல்லும் அடுத்தவன் மண்ணுமேல நிக்குதுடி" என்பார். கோயிலாவது சாமி சொத்து, யாரும் ராத்திரியோடு ராத்திரியாக விற்றுவிட்டுப் போக மாட்டார்கள். தனி ஆசாமியின் மண்ணில் நிற்பது இன்னும் மோசம். பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் தங்கை அடிமனையை விளக்கிச் சொன்னாள். "அதேதான் லவ், அதேதான்" என்று அவள் என் கையைத் தட்டினாள்.

கிளப் கடனில் மூழ்கி, 1984-ல் கோர்ட்டுப் படியேறி, மூடப் போகிற நிலைமைக்கு வந்துவிட்டது. கட்டடக் கம்பெனியைச் சேர்ந்த புது ஆட்கள் வந்து கைகொடுத்தார்கள். ஆனால் மண் மட்டும் பழையவரிடமே. அடுத்த வருஷம் இரண்டு இடி சேர்ந்து விழுந்தன. 1985 மே மாதம் பிராட்ஃபோர்டு ஊர் ஸ்டேடியத்தில் தீப்பிடித்து 56 பேர் இறந்துபோனார்கள். மரப் பலகை ஸ்டாண்டு, அடியில் வருஷக்கணக்காகச் சேர்ந்த குப்பை. அதற்குப் பிறகு எல்லா ஊர் மைதானங்களையும் அதிகாரிகள் கிண்டிக் கிளறிப் பார்க்க ஆரம்பித்தார்கள். வேலியின் கிழக்குப் பக்கத்து மேடு ஆபத்தானது என்று அதை மூடச் சொல்லிவிட்டார்கள். அதில் நான் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் நிற்கிற இடம், பத்திரமாக இருக்க வேண்டாமா? ஆனால் அதே சமயத்தில், மேற்குப் பக்கத்து ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த நிலம் தமக்கு வேண்டும் என்று நிலத்துக்காரர் கேட்டார். ஒரு பக்கம் மேடு போச்சு, மறு பக்கம் இடம் போச்சு. கிளப்காரர்கள், "நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்" என்று மூட்டை கட்டிவிட்டார்கள்.

ஜனங்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? 1985 செப்டம்பர் 7-ஆம் தேதி ஆட்டம் பார்க்கப் போனவர்கள் கையில் ஒரு நோட்டீஸைத் திணித்தார்கள். இனி இந்த மைதானத்தில் ஆடப் போவதில்லை, ஸெல்ஹர்ஸ்ட் பார்க் என்கிற மைதானத்துக்குப் போகிறோம் என்று. அறுபத்தாறு வருஷம் புழங்கிய இடத்துக்கு ஒரு துண்டுக் காகிதம்! அந்த அம்மாளின் வீட்டுக்காரர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமலேயே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாராம். "அவங்க அப்பா செத்த அன்னிக்குக்கூட அவர் அப்படி உட்காரல" என்றாள்.

இரண்டு வாரம் கழித்து, 21-ஆம் தேதி ஸ்டோக் ஊரோடு கடைசி ஆட்டம். அதோடு வேலியின் கதவைச் சாத்தினார்கள்.

ஸெல்ஹர்ஸ்ட் பார்க் யாருடையது தெரியுமா? கிரிஸ்டல் பாலஸ் என்கிற எதிர்க் கட்சி கிளப்பினுடையது. ஏழெட்டு மைல் தள்ளி. ஓரகத்தி வீட்டு அடுப்படியில் நாம் சமைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். உப்பு எங்கே என்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். பாத்திரத்தைத் தேய்த்து அவர்கள் வைத்த இடத்திலேயே வைக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் 1986-ல் சார்ல்டன் அணி நன்றாக ஆடி முதல் டிவிஷனுக்கே போய்விட்டது. ஆனாலும் பார்க்க வருகிற கூட்டம் சோளப்பொரி மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும்தான். நிறைய பேர் போக மறுத்துவிட்டார்கள். அந்த அம்மாளின் வீட்டுக்காரர் நாலு வருஷம் ஓர் ஆட்டத்துக்கும் போகவில்லையாம். சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்குத் தோட்டத்தில் போய்ச் சும்மா நிற்பாராம். "அந்த மனுஷனை வீட்டுல வச்சுக்கிட்டு சனிக்கிழமையை ஓட்டறது எனக்குத்தான் கஷ்டம்" என்றாள். நம் வீட்டு ரிட்டயரான ஆண்களை வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது புரியும்.

அழுதுகொண்டே இருந்துவிடவில்லை அவர்கள். 1988-ல் ரசிகர்களே சொந்தமாக அச்சடித்து 'வாய்ஸ் ஆஃப் தி வேலி' என்று ஒரு பத்திரிகை நடத்தினார்கள். நாலு பக்கத்திலிருந்தும் நெருக்கினார்கள். கிளப்புக்கும் புது நிர்வாகம் வந்தது. அதே வருஷம் புது நிர்வாகத்தார் பேசிப் பேசி அந்த மண்ணைத் திரும்ப வாங்கிவிட்டார்கள். பிரிந்துபோன சுவரும் மண்ணும் மறுபடி ஒரே குடும்பத்துக்குள் வந்தன.

ஆனால் பூட்டிக் கிடந்த வீடு எப்படி இருக்கும்? மூணு மாசம் ஊருக்குப் போய்விட்டு வந்தாலே நம் வீட்டுக் கொல்லையில் பாம்பு நடமாடும். இது மூணரை வருஷம்! படிக்கட்டெல்லாம் செடி, புதர், ஆள் உயரக் களை. 1989 ஏப்ரல் 2-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, "வந்து சுத்தம் செய்யுங்கள்" என்று கூப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்துவிட்டார்கள். நம் அம்மாளும் தோட்டத்துக் கத்தரி, ரப்பர் கையுறை, பிளாஸ்கில் டீ எல்லாம் எடுத்துக்கொண்டு போனாளாம். மைதானத்தின் நடுவிலேயே களையையும் குப்பையையும் குவித்துக் கொளுத்தினார்கள். "வீட்டுக்கு வந்து மூணு நாள் தலைமுடியில புகை நாத்தம் போகல லவ். அவர் அன்னிக்கு ராத்திரிதான் நாலு வருஷத்துக்கு அப்புறம் ரெண்டாவது தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்" என்றாள். அவள் அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே!

போகியன்று பழையதைக் கொளுத்திவிட்டால் மறுநாள் பொங்கல் வந்துவிடும். இவர்களுக்கு வரவில்லை. பழைய இடத்தைப் புது விதிப்படி கட்ட வேண்டும், அதற்குப் பணம் வேண்டும், பணத்துக்காகப் பக்கத்தில் ஆபீஸ் கட்டடங்களும் சேர்த்துக் கட்டுகிறோம் என்று கிளப் திட்டம் போட்டுக் கொடுத்தது. 1990 ஜனவரியில் கிரீனிச் கவுன்சில் முடியாது என்று தள்ளிவிட்டது. (கவுன்சில் என்றால் நம் முனிசிபாலிட்டி மாதிரி.) கவுன்சில் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வீடுகளுக்கு நடுவே பெரிய ஆபீஸ் கட்டடங்கள் என்றால் அக்கம்பக்கத்தார் சும்மா இருப்பார்களா? சனிக்கிழமைதோறும் வாசலில் கார் நிறுத்த இடமில்லாமல், தொட்டிச் செடியெல்லாம் மிதிபட்டு அவஸ்தைப்பட்டவர்களும் அந்தத் தெருக்களில் இருந்திருப்பார்கள் அல்லவா? இதை நான் அந்த அம்மாளிடம் சொன்னபோது அவளுக்குச் சுருக்கென்றது. "மைதானம் முதல்ல வந்ததா, இந்த வீட்டுக்கு நீ குடிவந்தது முதல்லயா?" என்றாள், நானே அந்தக் கவுன்சிலர் என்பதைப்போல.

அடுத்து அவர்கள் செய்த காரியம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கல்லெறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. 1990 மே மாதம் கவுன்சில் தேர்தல் வருகிறது என்று தெரிந்து ஒரு கட்சியே ஆரம்பித்துவிட்டார்கள்! 'வேலி பார்ட்டி' என்று பெயர். ஒரே கொள்கை: கிளப் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அறுபது வேட்பாளர்கள். அரசியல் வாடையே தெரியாத சாதாரண ஜனங்கள். விளம்பரத் தொழில் தெரிந்த ஒரு ரசிகர் பெரிய பெரிய சுவரொட்டிகள் தயார் செய்து கொடுத்தார். பக்கத்து வீட்டு அம்மாள், பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, வீடு வீடாகப் போய்க் கதவிடுக்கில் நோட்டீஸ் போட்டாளாம். "அவங்க எங்ககிட்ட ஒரு நோட்டீஸ் கொடுத்துத்தானே துரத்தினாங்க? நான் ஆயிரம் நோட்டீஸ் போட்டேன்" என்றாள்.

மே 3-ஆம் தேதி தேர்தல். ஒருத்தர்கூட ஜெயிக்கவில்லை! ஆனால் 14,838 ஓட்டு விழுந்தது, நூற்றுக்குக் கிட்டத்தட்ட பதினொன்று. கட்டடத் திட்டங்களைப் பார்க்கிற கமிட்டியின் தலைவர் தம் இடத்தை இழந்தார். மற்ற கவுன்சிலர்களுக்குச் சங்கதி புரிந்துவிட்டது. 1991 ஏப்ரலில் மாற்றிய திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. நம் ஊரில் 'நம்ம ஒரு ஓட்டுல என்ன ஆகப்போகுது' என்று சீரியல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என் நாத்தனாரை அந்தச் சமயம் நினைத்துக்கொண்டேன்.

கட்டப் பணம் போதவில்லை. ரசிகர்களே கையிலிருப்பதைப் போட்டு பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்த்தார்கள். இடையில் ஒரு வருஷத்துக்கு மேல் வெஸ்ட் ஹாம் என்கிற மூன்றாவது கிளப்பின் மைதானத்தில் வேறு ஒண்டுக்குடித்தனம். ஒருவழியாக 1992 டிசம்பர் 5-ஆம் தேதி வேலியின் கதவு திறந்தது. போர்ட்ஸ்மவுத் ஊரோடு ஆட்டம். ஏழாவது நிமிஷத்தில் காலின் வால்ஷ் என்பவர் ஒரு கோல் போட்டார். அந்த ஒரு கோலிலேயே ஜெயித்தார்கள். இடம் இன்னும் அரைகுறைதான், எட்டாயிரத்துச் சொச்சம் பேர்தான் உள்ளே போக முடிந்தது. அவள் வீட்டுக்காரருக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவிக்கொண்டே சத்தத்தைக் கேட்டாளாம். ஏழு வருஷமாகக் கேட்காத சத்தம். கோல் விழுந்ததும் கையிலிருந்த தட்டு நழுவி உடைந்தது என்றாள். 'நல்ல தட்டு, மாமியார் கொடுத்தது' என்று ஒரு வருத்தமும் சேர்ந்து வந்தது.

எல்லாருக்கும் இப்படி வீடு திரும்பக் கொடுத்துவைக்கவில்லை. தெற்கே கடற்கரையில் பிரைட்டன் என்று ஓர் ஊர். அந்த ஊர்க் கிளப் 1902-லிருந்து கோல்ட்ஸ்டோன் என்கிற மைதானத்தில் ஆடி வந்தது. 1993-ல் பில் ஆர்ச்சர் என்பவர் கிளப்பின் பெரும்பாலான பங்கை வாங்கினார். என்ன விலைக்கு? ஐம்பத்தாறு பவுண்டு, இருபத்தைந்து பென்ஸ்! தங்கை மகனுக்குக் குளிர்காலக் கோட்டு வாங்கின பில் அதைவிட அதிகம். கிளப்புக்குத் தலைக்கு மேல் கடன் இருந்தது, அதனால்தான் அந்த விலை என்கிறார்கள், இருக்கட்டும். 1995-ல் மைதானத்தை நிலக் கம்பெனிக்கு விற்கப் போவது வெளியே தெரிந்தது. அடுத்த மைதானம் எங்கே என்றால் பதில் இல்லை. இதைவிட மோசம் ஒன்று. மைதானம் விற்ற லாபம் முதலாளிகள் பைக்குப் போகக்கூடாது என்று கிளப்பின் பழைய விதிகளில் எழுதியிருந்த ஷரத்து காணாமல் போயிருந்தது! ரசிகர்கள் துருவிக் கண்டுபிடித்துச் சத்தம் போட்ட பிறகுதான் அது திரும்பி வந்தது. பத்திரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும் என்று என் மாமனார் சொல்லுவார், அவர் ஞாபகம்தான் வந்தது.

அங்கே ரசிகர்கள் பொறுமையாக இல்லை. 1996 ஏப்ரலில் ஆட்டத்தின் நடுவில் மைதானத்துக்குள் பாய்ந்து கோல் கம்பத்தை ஒடித்தார்கள், பதினாறே நிமிஷத்தில் ஆட்டம் நின்றுபோனது. அடுத்த தடவை உள்ளே இறங்கியதற்கு அணிக்கு இரண்டு புள்ளி வெட்டு. கோபம் நியாயமானது, அடிபட்டதோ தங்கள் அணி. கையில் கிடைத்த கரண்டியைத் தூக்கி எறிந்தால் உடைவது நம் வீட்டுப் பாத்திரம்தானே! அதைவிட அழகாக அவர்கள் செய்தது 1997 பிப்ரவரி 8-ஆம் தேதி. வேறு ஊர் ரசிகர்கள், எதிரிக் கிளப்காரர்கள்கூட, அவரவர் கிளப் சட்டையோடு நாலா பக்கத்திலிருந்தும் பிரைட்டனுக்கு வந்து ஒன்றாக நின்றார்கள். அந்த யோசனையைக் கிளப்பியது பிளிமத் ஊர் கிளப்பின் ரசிகனான ஒரு சின்னப் பையன்தான். அந்த ஆட்டத்தில் பிரைட்டன் ஐந்துக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது.

இருந்தும் மைதானம் போய்விட்டது. 1997 ஏப்ரல் 26-ஆம் தேதி டான்காஸ்டர் ஊரோடு கடைசி ஆட்டம். ஜனங்கள் புல்லைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். அந்த இடத்தில் பெரிய பெரிய கடைகள் வந்தன, ஒரு பொம்மைக் கடை உள்பட. கிளப்பை மட்டும் டிக் நைட் என்கிற ரசிகரும் அவர் கூட்டாளிகளும் மீட்டார்கள். இரண்டு வருஷம் எழுபது மைல் தள்ளி கில்லிங்ஹம் என்கிற ஊரில் ஆடினார்கள். பிறகு பன்னிரண்டு வருஷம் ஓட்டப் பந்தய மைதானம் ஒன்றில். புது மைதானத்துக்கு அனுமதி கேட்டுப் பாட்டு எழுதி ரிகார்டு போட்டார்கள். 2005 ஜனவரியில் அது நாட்டின் பாட்டு வரிசையில் பதினேழாவது இடத்துக்கு வந்ததாம்! 2011-ல்தான் சொந்த மைதானம். முதல் லீக் ஆட்டம் யாரோடு தெரியுமா? அதே டான்காஸ்டரோடு. பதினாலு வருஷம். கைக்குழந்தையாக இருந்தது ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிடும்.

சார்ல்டன்காரர்களாவது அதற்குப் பிறகு நிம்மதியாக இருந்தார்களா என்று கேட்கிறீர்களா? 2014-ல் பெல்ஜியம் நாட்டுக்காரர் ரோலண்ட் டுஷாட்லே என்பவர் கிளப்பை வாங்கினார். மைதானமும் சேர்த்துத்தான். கொஞ்ச நாளிலேயே ரசிகர்களுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 2016 அக்டோபரில் கவென்ட்ரி ஊரோடு ஆட்டம் ஆரம்பித்த உடனே ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி பிளாஸ்டிக் பன்றிகள் மைதானத்துக்குள் வந்து விழுந்தன! கவென்ட்ரி ரசிகர்களும் சேர்ந்துதான் வீசினார்கள். அவர்களுக்கும் தங்கள் முதலாளியோடு தகராறு. அவர்கள் கிளப்பும் ஒரு வருஷம் பக்கத்து ஊர் மைதானத்தில் ஆடிவிட்டு வந்தது. தங்கை வீட்டு ஷெல்பில் அந்தப் பன்றி ஒன்று இருக்கிறது. மாப்பிள்ளை பொறுக்கி வைத்தது. "பெரியம்மா, அப்ப எனக்கு ரெண்டு வயசு" என்று பையன் பெருமையோடு எடுத்துக் காட்டினான்.

2020 ஜனவரியில் டுஷாட்லே கிளப்பை விற்றார். மைதானத்தை விற்கவில்லை. 1982-ல் நடந்தது அப்படியே மறுபடியும்! களை பிடுங்கி, காசு போட்டு, ஓட்டுக் கேட்டு ஒன்று சேர்த்ததை ஒரே கையெழுத்தில் இரண்டாக வகிர்ந்தாயிற்று. இதைக் கேட்டபோது எனக்கே வயிறு எரிந்தது. கிளப்பை வாங்கியவர்களிடமும் அது தங்கவில்லை, அந்த வருஷமே மறுபடி கை மாறியது. 2025 மே மாதம் நான் அங்கே இருந்தபோது அணி வெம்பிளியில் ஜெயித்து மேல் டிவிஷனுக்குப் போனது. தெரு முழுக்கச் சிவப்புச் சட்டைதான். பச்சைக் குழந்தைக்கும் சிவப்புத் தொப்பி போட்டு ஜன்னலில் காட்டினான் அண்ணன்காரன். குழந்தைக்குத் தூக்கம் கலைந்து அன்றைக்கு ராத்திரி எங்கள் யாருக்கும் தூக்கமில்லை.

நான் ஊர் திரும்புவதற்குள், ஜூலையில், கால்பந்து கிளப்புகளுக்கென்று அங்கே ஒரு புதுச் சட்டம் வந்தது. இனி எந்த முதலாளியும் நினைத்தபடி மைதானத்தை விற்கவோ, கிளப்பை வேறு ஊருக்குக் கொண்டுபோகவோ முடியாது. அதற்கென்று ஏற்படுத்திய தனி அமைப்பின் அனுமதி வேண்டும். ரசிகர்களையும் கலந்து பேச வேண்டும். ஏற்கெனவே 2011-லேயே இன்னொரு சட்டம் வந்திருந்தது. ஊர்ப் பொதுவுக்கு முக்கியமான இடம் என்று கவுன்சில் பட்டியலில் ஒரு மைதானத்தைச் சேர்த்துவிட்டால், விற்கும்போது ஊர்க்காரர்கள் பணம் திரட்டிக் கேட்க ஆறு மாசம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்றது அது. அவர்களுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அதில் இல்லை.

புதுச் சட்டத்தைப் பற்றி மாப்பிள்ளை செல்போனில் படித்துச் சொன்னபோது, பக்கத்து வீட்டு அம்மாள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நான் போட்டுக் கொடுத்த சுக்குக் காப்பியைக் கஷ்டப்பட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள். "இனிமே விக்கறவனுக்குச் சரி. முன்னாடியே பிரிச்சுத் தனியா எடுத்துக்கிட்டுப் போனவனை என்ன செய்வாங்களாம்?" என்றாள். மாப்பிள்ளை செல்போனை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அதற்கு அதில் பதில் இல்லை.